விடுபட்ட நெற்றி

மே 22

அன்புள்ள ஆயர் தம்பிக்கு,

இயேசுவுக்குப் புகழ். அக்கா எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை உறுதிபூசுதலின்போது பீடத்தின் முன்னால் இருந்தவர்கள்: நீ, எங்கள் பங்குச் சாமியார், தைலக் கிண்ணம் பிடித்த உன் செயலர் சாமியார், பதினொரு பிள்ளைகள், பிள்ளைக்கு ஒருவராக ஞானத்தாயோ ஞானத்தந்தையோ. தைலம் பூசிய நெற்றிகள் பத்து. காய்கறிக் கணக்கையே அன்றன்றைக்கு நேர் செய்துவிட்டுத் தூங்குகிறவள் நான். இதை எப்படி விடுவேன்?

விடுபட்டது தையற்காரம்மாவின் சின்னவள். இரட்டைப் பிள்ளைகளில் இரண்டாவது. பெரியவளுக்குப் பூசினாய். அடுத்து இவள் வந்து நின்றாள். "உனக்குத்தான் ஆச்சேம்மா, போகலாம்" என்று கன்னத்தைத் தட்டி அனுப்பிவிட்டாய். செயலர் சாமியார் தைலம் சிந்தாமல் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் சாமியார் வழக்கம்போல மைக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மறைமாவட்டத்துக்கே தலைவரான ஆயரை நிறுத்திக் கேட்க யாருக்குத் துணிச்சல்?

"ஆயருக்கு என் மேல என்ன கோவம்?" என்று சின்னவள் கேட்டபடி இருக்கிறாளாம். பெரியவள் தன் நெற்றியை அவள் நெற்றியோடு வைத்துத் தேய்த்து, "இரு, உனக்கும் ஒட்டிக்கும்" என்றாளாம். தாய்க்கு உன்னிடம் கேட்கக் கூச்சம். அதனால் நான் கேட்கிறேன்.

உன் அத்தான், "ஆயருக்கே தப்பு கண்டுபிடிக்கிறாளே" என்று முணுமுணுக்கிறார். நலமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

அன்புடன்,
அக்கா

ஜூன் 1

அன்பு அக்காவுக்கு,

இறையாசீர். உன் கடிதத்தைச் செயலர் சாமியார் வாசித்துக் காட்டினார். மைக் விஷயத்துக்கு இருவரும் சிரித்தோம். வேலை நெருக்கடி, அதனால் டைப் அடித்து அனுப்புகிறேன், மன்னித்துக்கொள்.

இரட்டைப் பிள்ளைகளை மாற்றிப் பார்த்த முதல் ஆள் நானா? அச்சில் வார்த்த மாதிரி இருந்தால் நான் என்ன செய்வேன்! சனிக்கிழமை பிள்ளையை ஆயர் இல்லத்துக்கு அழைத்து வரச் சொல். சிற்றாலயத்திலேயே பூசிவிடுகிறேன். வர முடியாது என்றால் உங்கள் சாமியாருக்கு அனுமதி தருகிறேன், அவரே பூசட்டும். இதற்குப் போய் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. அத்தானிடம் என் கட்சியில் இருக்கச் சொல்.

கிறிஸ்துவில் அன்புள்ள,
தம்பி

ஜூன் 6

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் அழகாக இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. உன் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். அதைப் படித்துப் படித்தே நான் எந்த எழுத்தையும் படிக்கக் கற்றேன்.

முதல் கடிதத்தில் ஒன்றை எழுதக் கை வரவில்லை. சின்னவளின் தோளில் கை வைத்துக்கொண்டு நின்ற ஞானத்தாய் நான்தான். நமக்கு நடுவில் ஒரு முழம் இடம் இருந்திருக்கும். என் முகத்தை நேராகப் பார்த்து, "கொஞ்சம் நகருங்கம்மா, அடுத்தவங்க வரட்டும்" என்றாய். பூசை முடிந்ததும் வாசலில் நிற்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். சமைத்ததை யாரும் தொடவில்லை. உப்புப் போட மறந்திருக்கிறேன்.

இரட்டைப் பிள்ளைகளை யார் வேண்டுமானாலும் மாற்றிப் பார்க்கலாம். எனக்கு இரட்டை யாரும் இல்லையே, தம்பி.

கண் எப்போதிலிருந்து இப்படி?

அக்கா

ஜூன் 12

அக்கா,

"ஞானத்தாய் நான்தான்" என்ற இடத்தில் செயலர் சாமியார் நிறுத்திவிட்டார். "மேல வாசிங்க சாமி" என்றேன். முடிக்கும் வரை வாசித்தார். பிறகு தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லிப் போனவர் வெகுநேரம் வரவில்லை. பாவம், தினமும் கூடவே இருந்தும் அவருக்குத் தெரியாது.

ஒரு வருடத்துக்கு மேலாகிறது. ஓரங்கள் தெரிகின்றன. நடுவில்தான் புகை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை. பூசை முழுவதும் மனப்பாடம், பீடத்துப் படிகள் காலுக்குத் தெரியும். குரல் கேட்டால் ஆளைச் சொல்லிவிடுவேன். அப்படித்தான் சமாளித்தேன். நீ வாழ்நாளில் ஒரே ஒரு நாள் வாயைத் திறக்காமல் நின்றாய், அன்றைக்கென்று மாட்டிக்கொண்டேன். ஒரே உயரம், ஒரே உடை; பூசிய பிள்ளையே நகராமல் நிற்கிறாள் என்று நினைத்துவிட்டேன்.

ஆடுகளின் முகம் தெரியாத ஆயன் எதற்கு? விலகல் கடிதத்துக்குச் சொற்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் சாமியாரே சின்னவளுக்குப் பூசட்டும். இன்னொரு முறை அவள் முன்னால் வந்து நிற்க எனக்குத் தைரியம் இல்லை. உன் முன்னாலும்.

தம்பி

ஜூன் 17

என் தம்பிக்கு,

உன் கையெழுத்து வந்தது. வரி மேல் வரி ஏறி, பாதி தாளை விட்டே வெளியே போயிருந்தது. எடுத்து ஜெபப் புத்தகத்தில் வைத்திருக்கிறேன்.

இதைச் செயலர் சாமியாரிடம் கொடுக்காதே. நீயே படி. அதற்காகத்தான் உன் அத்தான் பெட்டிகளில் பெயர் எழுதுகிற தடித்த பேனாவை வாங்கி, பக்கத்துக்கு நாலே வரியாக எழுதுகிறேன். இந்தக் கட்டு முழுவதும் ஒரே கடிதம்தான். "தாள் செலவு!" என்கிறார். ஓரக்கண்ணால் பார்த்து நிதானமாகப் படி.

முதலில் கண் வைத்தியரிடம் போ. செயலர் சாமியாரை அழைத்துப் போ, அவருக்கும் ஆறுதலாக இருக்கும். விலகுவதா இருப்பதா என்பது நீ ஜெபித்து, மேலிடத்தில் கேட்டுச் செய்ய வேண்டியது. அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் சின்னவளை இப்படியே விட்டுவிட்டுப் போகாதே.

உன்னைக் கேட்காமல் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்.

"அப்ப என் மேல கோவம் இல்லையா?" என்றாள்.

"இல்லடி. உன் முகம் அவருக்குத் தெரியலை."

கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நான் பேசிக்கிட்டே வர்றேன். அப்போ தெரியும்ல?"

சிற்றாலயம் வேண்டாமாம். எல்லாரும் பார்த்த இடத்தில்தான் விடுபட்டாள், அதே இடத்தில் எல்லாரும் பார்க்கப் பூச வேண்டுமாம். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. இந்த முறை நானும் வாயை மூட மாட்டேன். ஞானத்தாய் சத்தமாகப் பிள்ளையின் பெயரைச் சொன்னால் எந்தச் சாமியார் தடுப்பார்? நீ கையை மட்டும் நீட்டு. நெற்றியை அவள் கொண்டுவந்து வைப்பாள்.

எந்த ஞாயிறு வருகிறாய்? உன் கையாலேயே எழுதி, சீக்கிரம் பதில் போடு.

அக்கா