உன் சித்தி கழுவாத கோப்பை

ஆகாயத்தில் அமர்ந்து துறைமுகத்தை ஆளும் கிரேன் மகாராணியாகிய என் அன்பு மகளுக்கு, லிஃப்ட் குழிக்குள் நின்று கிரீஸ் பூசிக்கொண்டிருக்கும் உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. நீ நலமாயிருப்பாய் என்று நம்புகிறேன், தினமும் கேட்பதும் அதைத்தான். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், அந்த வரி மட்டும் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. அதனால் அதை விட்டுவிட்டு, பூமி உண்டான நாள் முதல் எவரும் நம்பாத, நம்பினால் பைத்தியம் என்று பட்டம் கிடைக்கக்கூடிய ஒரு கதையை உனக்குச் சொல்லப்போகிறேன் என்று சத்தியம் செய்கிறேன். சத்தியம் பண்ணக்கூடாது என்று உன் சித்தி உள்ளேயிருந்து கத்துவாள், கத்த அவளுக்கு இப்போது மூச்சில்லை, ஆனாலும் உறுதி கூறுகிறேன் என்று மாற்றிக்கொள்கிறேன்.

முதலில் அவள் உடம்பைப் பற்றி. தொலைபேசியில் பரவாயில்லை பரவாயில்லை என்று உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், அது பரவாயில்லை என்கிற விஷயமில்லை அம்மா. இதயம் களைத்துவிட்டது, நெஞ்சில் நீர் கோத்துக்கொள்கிறது, கால் இரண்டும் தலையணை மாதிரி வீங்கிக் கிடக்கிறது, கைவிரல் மடங்குவதில்லை. நம் டாக்டரை உனக்குத் தெரியும், பிறந்தபோதே அழாமல் மருத்துவச்சியின் நாடியைப் பிடித்துப் பார்த்த மனுஷன், அவரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இனி மருந்து அவங்க கஷ்டத்தைத்தான் குறைக்கும், வேற எதிர்பார்க்காதீங்க என்றார். நான் தலையாட்டினேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன், ஏனென்றால் ஊரிலுள்ள லிஃப்ட்டையெல்லாம் ஏற்றி இறக்குகிற உன் சித்தப்பன் குடியிருக்கும் கட்டிடத்து லிஃப்ட் மட்டும் உதிரிபாகம் வராமல் நின்றுகிடக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் நம் போதகர் வந்தார். ஆள் இன்னும் பெருத்துவிட்டார், நாலு மாடி அவர் ஏறினபோது கட்டிடம் ஒரு முழம் பூமிக்குள் இறங்கி, கீழ்வீட்டுத் தையல்காரம்மா ஜன்னல் வழியாகத் தெருவில் கால் வைத்தாள். கையில் அந்தச் சின்னப் பெட்டி, படுத்திருக்கிறவர்களுக்குத் திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கக் கொண்டுவருவது. அதைக் கண்டதும் உன் சித்தி, எனக்கு வேண்டாம் தம்பி, நான் எடுக்கிறதில்ல என்றாள். எடுக்கிறதில்லையா என்று நானும் போதகரும் ஒரே நேரத்தில் வாயைப் பிளந்தோம். யோசித்துப் பார், கோயிலில் அந்தச் சின்னக் கண்ணாடிக் கோப்பைகளை இத்தனை காலமும் கழுவியவள் அவள், துடைத்துத் தட்டில் அடுக்கியவள் அவள், பக்கத்து அறையில் நின்று ரசத்தை ஊற்றி அனுப்பியவள் அவள். நீ குழந்தையில் ஒரு கோப்பையை எடுத்துப் பொம்மைக்குத் தண்ணீர் புகட்டி முதுகில் நாலு வாங்கினாயே, அதே கோப்பைகள். உள்ளேயே எடுத்துக்கொள்வாள் என்று நான் நினைத்தேன், வீட்டுக்காரரோடு எடுத்துக்கொள்வாள் என்று போதகர் நினைத்தார், இப்படியே எங்கள் கல்யாண வாழ்க்கை முழுக்க ஓடிவிட்டது. ஒருநாளும், ஒரு சொட்டும் அவள் குடித்ததில்லை.

ஏன் என்று கேட்டதற்குச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நீ எங்களிடம் வருவதற்கு முந்தி எங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து தங்காமல் போனது உனக்குத் தெரியும். பிள்ளை போன அன்னிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னுக்கிட்டு, இனிமே உன் வீட்டுல கை நனைக்க மாட்டேன்னு ஆண்டவரைப் பாத்துச் சொல்லிட்டேன், சொன்ன கையோட பயம் வந்துடுச்சு, அவ்வளவு பெரிய வார்த்தை சொன்ன வாயை வெச்சுக்கிட்டு எப்படிப் பந்தியில போய் உக்கார்றது, சரி கழுவியாவது போடுவோம், என்னைக்காவது போதும்னு அவரே சொல்லுவாரு, அன்னிக்கு எடுத்துக்கலாம்னு இருந்தேன், இப்போ கழுவவும் கை வரல, இனி எங்கேருந்து சொல்லப்போறாரு என்றாள். இதைக் கேட்டால் நான் என்ன செய்வேன், உளறுவேன். ஓட்டல்ல தின்னுட்டுக் காசில்லாம பாத்திரம் கழுவுறவனைப் பாத்திருக்கேன், ஒரு வாய் தின்னாமலே ஆயுசு பூரா கழுவினவ உலகத்துலயே நீ ஒருத்திதான்டி என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். போதகர் பாவம், கிருபை என்றால் இலவசம், விசுவாசித்துக் கை நீட்டினால் போதும், கிரியைக்குக் கூலியாக இரட்சிப்பு வருவதில்லை என்று நெடுநேரம் எடுத்துச் சொன்னார். போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது, பக்கத்து அறையில நின்னு எல்லாம் கேட்டிருக்கேன் தம்பி, நல்லாத்தான் பிரசங்கம் பண்ணுவீங்க, மத்தவங்களுக்கு. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அந்த நாட்களை நான் எப்படி எழுத? தண்ணீரைக் கொடுத்தால் குடிப்பாள், மாத்திரையைக் கொடுத்தால் விழுங்குவாள், கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். சாவுக்கு அவள் பயப்படவில்லை, அதற்கு அப்புறம் கதவைத் திறக்கிறவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் பயந்தாள். இருட்டுக் குழிக்குள் இறங்கி வேலை செய்கிறவன் நான், அந்த மாதிரி இருட்டை எந்தக் குழியிலும் பார்த்ததில்லை.

ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் கோப்பைகளை நான்தான் கழுவினேன், அவள் விழுந்ததிலிருந்து அந்த உத்தியோகம் எனக்கு. அன்று சாயங்காலமே போதகர் மறுபடி மூச்சிரைக்க ஏறி வந்து, ஒரு கோப்பையை அவள் கண்ணெதிரே நீட்டினார். உன் சித்தி அதை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, செத்துக்கொண்டிருப்பதையே மறந்து எழும்பப் பார்த்தாள். யாரு கழுவினது இதை? அண்ணன்தான் என்றார். அதானே, விளிம்பெல்லாம் கிரீஸ், இதையா ஆண்டவர் மேசையில வெச்சீங்க? இதையேதான்க்கா வெச்சோம் என்றார் அவர், நீங்க கழுவல, துடைக்கல, ஊத்தல, உங்க விரல் படாமலே விருந்து நடந்துச்சு, இதுல உங்க பங்குன்னு ஒண்ணுமே இல்ல, அதனாலதான் உங்களுக்குன்னு எடுத்துட்டு வந்தேன், போதும்னு சொல்லுவாருன்னு காத்திருந்தீங்களே, அதை அவர் சிலுவையிலேயே முடிஞ்சதுன்னு சொல்லிட்டாரு, நீங்கதான் பக்கத்து அறையில கழுவிக்கிட்டே இருந்துட்டீங்க.

அதைக் கேட்டு ஏழு தெருக் கடிகாரங்கள் நின்றன, பறந்துகொண்டிருந்த காக்கை நடுவானில் உட்கார்ந்துகொண்டது. கடைசியில், என் தலையை வாரிவிடுங்க என்றாள். படுத்தபடியே குடிக்கலாம்க்கா என்று போதகர் சொன்னதற்கு, ராஜா குடுக்குறதைப் படுத்துக்கிட்டா வாங்குவாங்க என்று ஒரு அதட்டல். வாரிவிட்டேன், முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்காரவைத்தேன், தலையில் வெள்ளைத் துணியைப் போட்டேன். அப்பத்தை வாயில் வைத்தார், கோப்பையை அவளால் பிடிக்க முடியாமல் நானும் சேர்த்துப் பிடித்தேன். குடித்தாள். ஸ்தோத்திரம் என்றாள், ஒரு தடவை இல்லை, மூச்சு வரும்போதெல்லாம். பிறகு பாடினாள் அம்மா, அந்தப் பாட்டுக்குக் கூரை பெயர்ந்து எழும்பி மூன்று மைல் போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தது.

அதனால் உடம்பு தேறிவிட்டது என்று நினைத்துவிடாதே. இரட்சிப்பு வந்தது, மூச்சு வரவில்லை. நேற்றைவிட இன்று வீக்கம் அதிகம். விடுப்பு கேட்டு உடனே புறப்படு, தரமாட்டேன் என்றால் உன் மேலதிகாரியைக் கிரேனில் மாட்டித் தூக்கிவிட்டு வா. வந்தால் அவள் முன்னால் அழாதே, என் முன்னால் அழு, நமக்குப் படிக்கட்டு இருக்கிறது. வாழ்க்கையை ஒழுங்கு பண்ணிக்கொண்டு அப்புறம் கோயிலுக்குப் போகிறேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய், உன் சித்தி அதைக் கேட்டுவிட்டு, அந்தக் கழுதையை அழுக்கோடயே போகச் சொல்லுங்க என்றாள். மேலே ஏறும்போது பெல்ட்டை மாட்ட மறக்காதே. கர்த்தருடைய கிருபை உன்னைச் சூழ்ந்திருப்பதாக, உன் போக்கையும் வரத்தையும் அவர் காப்பாராக.

காக்கை, கடிகாரம், கூரை எல்லாம் புளுகுதான், பாட்டுகூட ஒரு அடிக்கு மேல் வரவில்லை, அதுவும் எனக்கு மட்டும்தான் கேட்டது. ஆனால் நீ நம்பவே மாட்டாய் என்று சொன்னேனே, அந்தச் சின்ன விஷயம் ஒன்று உண்மை. குடித்து முடித்ததும் கோப்பையை என் கையில் கொடுத்தாள். விருந்தாளி டம்ளரைக் கீழே வைக்குமுன் பிடுங்கிக் கழுவுகிறவள் ஆயிற்றே, கழுவத் தண்ணீர் கேட்பாள் என்று ஏந்திக்கொண்டு நின்றேன். அவள் கேட்கவில்லை. கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள்.

உன் சித்தப்பா