காலி நாற்காலிகள்

நெல்சன் ஊருக்குப் போய்விட்ட உனக்கு,

இங்கே எல்லோரும் நலம். செவ்வாய்க்கிழமை புயலில் மலைக்கு வரும் மின்கம்பி அறுந்துவிட்டது. பனியில் சறுக்க வந்தவர்கள் பாதி வழியில், கம்பிவட நாற்காலிகளில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். டீசல் எஞ்சினைப் போட்டு மெதுவாக எல்லோரையும் இறக்கிவிட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வழக்கம் உனக்குத் தெரியும். கீழே நிற்பவர் ரேடியோவில் "காலி" என்று சொன்ன பிறகுதான் மேலே நான் எஞ்சினை நிறுத்த வேண்டும். உன் இடத்தில் இப்போது டிபெனி நிற்கிறான். அவன் சொன்னான், எனக்கும் கேட்டது. நிறுத்தத்தான் கை போகவில்லை. "காலியாச்சு, டீ ஆறுது, எறங்கி வா" என்று நீ சொன்னால்தான் எனக்கு வேலை முடிந்த மாதிரி.

இருட்டும்வரை காலி நாற்காலிகள் சுற்றிக்கொண்டிருந்தன.

விடுதிச் சமையல்காரி பெரில் பனியில் ஏறி வந்து கதவைத் தட்டினாள். "யாருக்குய்யா ஓட்டிக்கிட்டிருக்க? ஒரு ஈ காக்கா இல்ல. தண்ணி பம்புக்கும் இதே டீசல்தானே?" அதற்குள் டீசல் தொட்டி வறண்டிருந்தது.

பம்பு நின்றதும் விடுதிக் குழாய்கள் உறைந்து வெடித்தன. விருந்தினர்கள் பனியை உருக்கிக் கழிவறைக்கு ஊற்றுகிறார்கள். முதலாளி இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் எஞ்சின் கோளாறு என்று சொல்லிவிடலாம்.

உன் ரேடியோவை டிபெனிக்குக் கொடுக்கவில்லை. அவனுக்கு வேறு கொடுத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை அடிவாரத்திலிருந்து டீசல் லாரி மேலே வருகிறது. ஓட்டுநர் பக்கத்து இருக்கை காலிதானாம். சும்மா சொன்னேன்.

இப்படிக்கு,
மேலே நிற்பவன்