மதில் பக்கத்து ஜன்னல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. உன் அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம்தான், அங்கே நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இதைப் போனிலேயே சொல்லக்கூடாதா என்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் குரலை உயர்த்துவேன், கடைசியில் சாப்பிட்டாயா என்று கேட்டு இருவரும் வைத்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை அதுதானே நடந்தது. கடிதம் என்றால் நீ முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும். தபாலில் போட்டால் நாளாகும், அப்பா இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவார்.

விருதுக் குழுவில் இருப்பது உன் அம்மாவா என்று உன் மேலாளர் கேட்டதிலிருந்து பதவி உயர்வுப் பேச்சே நின்றுவிட்டது என்றாய், அந்த ஒரு விதியை மட்டும் எடுத்துடும்மா, எனக்காக என்றாய். உன் குரலில் இருந்த பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் எடுக்க மாட்டேன். ஏன் என்று கேள். சமூகப் பொறுப்புள்ள நிறுவனங்களுக்குத் தேசிய விருது ஒன்று கொடுக்கப் போகிறார்கள், அதற்கு விதிமுறை எழுதத்தான் இந்தக் குழு. ஓய்வு பெற்ற தொழிற்சாலை ஆய்வாளர்கள் எத்தனையோ பேர் இருக்க, என் பெயரைச் சொன்னது யார் தெரியுமா, குழுவில் இருக்கும் உன் நிறுவனத்து ஆள்தான். மகள் நம் வெளிநாட்டுக் கிளையில் சம்பளம் வாங்குகிறாள், அவள் படிக்க நாம்தான் உதவித்தொகை கொடுத்தோம், அம்மா வாயைத் திறக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டிருக்கிறார். ஒருநாள் காரில் என்னை வீட்டில் இறக்கிவிட்டுப் போனார், அவர் போன பிறகும் வாசலில் வாசனை நின்றது. உன் அப்பா அவருக்கு சென்ட்டு என்று பெயர் வைத்துவிட்டார்.

முதல் கூட்டம் முழுக்கக் கேடயம் வட்டமா சதுரமா, மேடையில் அமைச்சர் எந்தப் பக்கம் நிற்பார் என்பதிலேயே போயிற்று. அடுத்த கூட்டத்தில் எதற்கு எத்தனை மதிப்பெண் என்று பேச உட்கார்ந்தார்கள். எத்தனை மரம் நட்டார்கள், எத்தனை பள்ளிப் பை கொடுத்தார்கள், அறிக்கை எத்தனை பக்கம், எல்லாம் நிறுவனம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. பரீட்சை எழுதுகிறவனே விடைத்தாளைத் திருத்துகிற மாதிரி இருந்தது எனக்கு. நான் ஒன்றுதான் சொன்னேன். விருதுக்கு நிறுவனம் விண்ணப்பம் போடக்கூடாது, அதன் மதிலை ஒட்டிக் குடியிருக்கிறவர்கள்தான் அதன் பெயரைச் சொல்ல வேண்டும் என்றேன். சென்ட்டு சிரித்துக்கொண்டே, அப்படின்னா யாருமே பேர் கொடுக்க மாட்டாங்களே மேடம் என்றார். கொடுக்கலைன்னா இந்த வருஷம் தகுதியான நிறுவனம் இல்லைன்னு அறிவிச்சிடலாம் என்றேன். குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, விழா மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாச்சேம்மா என்றார். அதில் யாராவது கல்யாணம் பண்ணிக்கொள்ளட்டும் என்று நான் சொன்னதும், குழுவில் எங்களோடு இருக்கும் டாக்டரம்மாவுக்குக் குடித்த டீ புரையேறிவிட்டது.

கூட்டம் முடிந்ததும் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்க பொண்ணு அங்க வேலை பார்க்குது, நீங்களே ஒதுங்கிக்கிட்டா மரியாதையா இருக்கும் என்றார். அவர் சொன்னதில் பாதி நியாயம், அந்தப் பாதியை அங்கேயே ஏற்றுக்கொண்டேன். என் மகள் அங்கே வேலை செய்கிறாள், அவள் படிப்புக்கு அவர்கள் பணம் கொடுத்தார்கள், என் வீடு அவர்கள் ஆலை மதிலை ஒட்டியது, ஆகவே யாருக்கு விருது என்று தேர்ந்தெடுக்கும்போது நான் உட்கார மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். விதி எழுதுவது வேறு, அதை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை ஓட்டெடுப்பு. டாக்டரம்மா என் பக்கம், மற்றவர்கள் இன்னும் மழுப்புகிறார்கள். தோற்றாலும் தோற்பேன். தோற்றால் அந்த விதிப் புத்தகத்தில் என் கையெழுத்து இருக்காது, ஏன் இல்லை என்று யார் கேட்டாலும் சொல்வேன். உதவித்தொகையை மறந்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதே. அது நல்ல காரியம், அன்றே வாயாரச் சொன்னேன், இன்றும் சொல்வேன். ஆனால் அவர்கள் கட்டியது உன் படிப்புக்கான பணம், எங்கள் மூச்சுக்கான விலை இல்லை.

மதில்காரர்களிடம் என்னென்ன கேட்பது என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தேன். உன் அப்பா பார்த்துவிட்டு, இத்தனை எதுக்கு, மதில் பக்கத்து ஜன்னலைத் திறப்பீங்களான்னு ஒண்ணு கேளு, போதும் என்றார். சொன்னதோடு நிற்காமல் உன் அறைக்குப் போய், கீலுக்கு எண்ணெய் விட்டு, அந்த ஜன்னலைத் திறந்தே விட்டார். உனக்குத் தெரியும், நீ பிறந்ததிலிருந்து அது மூடித்தான் இருந்தது. உன் கட்டிலைத் திருப்பிப் போட்டதும், இடுக்கில் ஈரத்துணி செருகியதும், சிநேகிதிகள் கேட்டால் கதவு இறுகிப்போச்சு என்று நீ சமாளித்ததும் எனக்கு மறக்கவில்லை. புகையெல்லாம் அளவுக்குள் இருக்கிறது என்று ஆலையில் சான்றிதழ் மாட்டியிருக்கிறார்கள். அந்த அளவு உன் அப்பாவின் நெஞ்சுக்குத் தெரியவில்லை, இருமி இருமிக் கண்ணில் நீர் வந்து மறுபடி மூடிவிட்டார். துணி துவைத்தால் இப்போதும் உள்ளேதான் காயப்போடுகிறேன்.

வேலை போய்விடும் என்று பயப்படாதே என்று உனக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அது உன் உழைப்பு. போனால் வா, உன் அறை இருக்கிறது, அதன் லட்சணம் உனக்கே தெரியும். விதி நிறைவேறினால் அந்தக் கேள்வி நம் வீட்டுக்கும் வரும். நான் பதில் எழுத மாட்டேன், குழுவில் இருக்கிறேன். அப்பாவின் பதில் இருமலாகவே வந்துவிட்டது. அந்த அறையில் வளர்ந்தவள் நீ, நீ பதில் சொல். ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குவேன் அம்மா என்று நீ மனசாரச் சொல்லிவிட்டால், வியாழக்கிழமை என் கையாலேயே அந்த விதியை அடித்துவிடுகிறேன்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். வேலையைச் சாக்கு வைத்துச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. வீடியோவில் நீ பேசும்போது உனக்குப் பின்னால் திரைச்சீலை ஆடுவதை நானும் அப்பாவும் பார்த்துக்கொண்டே இருப்போம், நீ சொல்வதில் பாதி காதில் விழாது. குளிர் என்று அந்த ஜன்னலை அடைத்துவிடாதே, நீயாவது திறந்து வைத்துக்கொள்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
அம்மா