ஈரத்தில் வைத்துப் பார்க்காத பெட்டி

நேற்று என் மகள் அனுப்பிய பார்சல் மழையில் நனைந்து வந்தது. பெட்டியின் அடிப்பக்கம் தொய்ந்து, அட்டையிலிருந்து புளித்த மாவுப் பசையின் வாசனை எழுந்தது. அதைப் பிரிக்காமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தோழி, நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது.

கசார்வாடி அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் நாம் சேர்ந்தது எழுபதுகளின் கடைசியில். நான் பெட்டிகளை வரைபவள். நீ அவற்றை நசுக்கிப் பார்ப்பவள். இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே பெட்டியை வைத்து, எந்தப் பாரத்தில் மடங்குகிறது என்று குறித்துக்கொள்வாய். விஷ்ராந்த்வாடியிலிருந்து நானும் கன்டோன்மென்டிலிருந்து நீயும் வருவோம். அந்த மராத்திக்காரர்கள் நடுவே தமிழ் பேச எனக்கு நீ, உனக்கு நான். வேறு யாருமில்லை.

குளுகோஸ் பாட்டில்களுக்கான பெட்டிதான் நான் தனியாக வரைந்த முதல் பெட்டி. ஐந்தடுக்கு அட்டை வேண்டாம், மூன்றடுக்கே போதும் என்று நினைத்தேன். உலர்ந்த பெட்டி உன் சோதனையில் தாங்கியது. ஈர அறையில் ஒரு நாள் வைத்து மறுபடி நசுக்க வேண்டும் என்றாய். லாரியோ மறுநாள் காலையில் கிளம்ப வேண்டும்.

"மழைக்காலம்டி. ஜரா ஒரு நாள் பொறுத்துக்கோ."

"மழை வெளியிலதானே பெய்யும், குடோனுக்குள்ளயா பெய்யும்? எனக்காகப் போடு."

என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாய்.

மூன்றாம் வாரம் பம்பாய் குடோனில் அடிவரிசைப் பெட்டிகள் ஈரக்காற்றில் இளகி உட்கார்ந்துவிட்டன. மேலே இருந்தவை சரிந்து பாட்டில்கள் நொறுங்கின. சுமை தூக்கும் ஒருவரின் காலைக் கண்ணாடி கிழித்துத் தையல் போட வேண்டியதாயிற்று. பசை நீர்த்துப் போனதுதான் காரணம் என்று நம் மேனேஜர் முடிவு செய்து, பசை காய்ச்சும் பாண்டுரங்கை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார். மனிதர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

நீ மிச்சமிருந்த பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தாய். பசையில் குறையே இல்லை. ஒரு பெட்டியை ஈர அறையில் வைத்து எடுத்து நசுக்கினாய். பாதிப் பாரத்திலேயே மடங்கியது. நேராக மேனேஜரிடம் போய், ஈரச் சோதனை செய்யாமல் கையெழுத்துப் போட்டவள் நான்தான் என்றாய். அவசரப்படுத்தியது யார் என்று அவர் கேட்டாராம். நீ சொல்லவில்லை. பாண்டுரங்கைக் காப்பாற்றக் கதை கட்டுகிறாய் என்று நினைத்து, அவரையும் வேலைக்குத் திரும்பக் கூப்பிடாமல், உன்னையும் ஆய்வறையிலிருந்து எடுத்துப் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்ட வைத்தார். பியூன் சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரிந்தது.

நான்கு நாள் நான் வாய் திறக்கவில்லை. வீட்டில் என் ஒருத்தியின் சம்பளம்தான். மதியச் சாப்பாட்டில் நீ எப்போதும்போல உன் டப்பாவை என் பக்கம் நகர்த்தினாய். எதுவும் கேட்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் போய்ச் சொன்னேன்: தப்பு என் வரைபடத்தில், அவளை அவசரப்படுத்தியதும் நான். இருவருக்கும் மெமோ கிடைத்தது, வேலை தப்பியது. மறுநாள் பாண்டுரங் திரும்பி வந்தார். பெட்டி ஐந்தடுக்கானது. மழை முடிந்ததும் நீயும் உன் ஆய்வறைக்குப் போனாய்.

நான் ஒப்புக்கொண்ட அன்று மாலை, கேட்டருகே உன்னிடம் கேட்டேன்: "என் பேரை ஏன் சொல்லலை?"

"அது நீ சொல்ல வேண்டியது. நான் சொன்னா புகாராயிடும்."

நான்கு நாள் அந்த மனிதரை வீட்டில் உட்கார வைத்துவிட்டேனே என்று அழுதேன். இல்லையென்று பொய்யாகத் தேற்றவில்லை நீ.

"லேட்டாத்தான் வந்தே. ஆனா வந்துட்டே இல்ல."

பின்னாளில் அந்த ஆய்வறைக்கு நானே பொறுப்பாளரானேன். தப்பை நாள்கணக்கில் மறைத்துவிட்டு யாராவது கதவருகே வந்து நிற்பார்கள். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்ற கேள்வி என் நாக்கு நுனிவரை வரும். அதை விழுங்கிவிட்டு, முதலில் உட்காரச் சொல்வேன்.