முழுதாகக் கேட்ட கச்சேரி

அன்பு லீலாவுக்கு,

ஒட்டன்சத்திரத்தில் உன் அண்ணன் வீட்டில் நீ நன்றாகத் தூங்குகிறாய் என்று அத்தை சொன்னார்.

என் கச்சேரி டிக்கெட் ஆப்பை நேற்று மூடிவிட்டேன். முந்தின நாள் கொடைக்கானலில் கச்சேரி; மழையில் நெட் போய்விட்டது. அறுபது பேர் வாசலில் நனைந்தார்கள். ஒருவர் டிக்கெட்டையும் என்னால் சரிபார்க்க முடியவில்லை. பாடகி ஜோதிமணியே வெளியே வந்து, "நெட்டு கெடக்கட்டும்ங்க, எல்லாரும் வெரசா உள்ள வாங்க" என்றார்.

நானும் போய் உட்கார்ந்தேன். நான்கு வருடத்தில் நூறு கச்சேரிக்கு டிக்கெட் விற்றிருப்பேன். ஒன்றை முழுதாகக் கேட்டது அன்றுதான். மறுநாள் காலையில் கம்பெனியை மூடுவதாகப் பங்குதாரர்களுக்கு எழுதினேன். மனசு லேசாகிவிட்டது.

இதை முதலில் உன்னிடம்தான் சொல்லத் தோன்றியது. நீ வருவதானால் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
நீ பேசும்போதெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டிருந்த உன் கணவன்