விடுபட்ட பதினான்கு பேர்

12-2-2007, திங்கள்

ஆய்வுக்காக வீடு வீடாகக் கேட்டு நிரப்பிய பாரங்கள் எல்லாம் கணினியில் ஏற்றியாகிவிட்டது. 240 பெண்கள். அத்தனை பேரும் தறியில் உட்காருபவர்கள், அத்தனை பேருக்கும் முழங்கால் வலி. முதல் பாரம் என்னுடையது. எம்.ஃபில். ஒரு பக்கம் ஓடினாலும் காலையில் நானும் தறியில்தானே! கேள்வி கேட்டுப் பழகட்டும் என்று, துணைக்கு வந்த முள்ளிப்பட்டு சின்னம்மாளை முதலில் என்னையே கேட்கச் சொன்னேன். அதை ஏற்றும்போது தாளைப் பார்க்கவில்லை. என் விவரம் எனக்குத் தெரியாதா?

15-2, வியாழன்

ஆர் (R) என்ற கணினி மொழியில் அட்டவணையைப் பிரித்தேன். 1 மணமானவர், 2 மணமாகாதவர், 3 கணவரை இழந்தவர் என்று பெயர் கொடுத்தால், அதுவே மூன்று குழுவாகப் பிரித்துத் தருகிறது. 188, 17, 21. கூட்டினால் 226. மீதி பதினான்கு பேர் எங்கே? பிழை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கமுக்கமாக விட்டுவிட்டிருக்கிறது.

16-2

பேச ஆளில்லை. அம்மா போனபிறகு வீட்டில் நானும் தறியும்தான். கணவர் ஜெயவேல் விட்டுவிட்டுப் போய் இரண்டு வருடம். இனி வரமாட்டேன் என்று கடிதமே எழுதிவிட்டார். நானோ இன்னும் 'பெங்களூர்ல வேலை, லீவு கிடைக்கல' என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு — எத்தனை நாளைக்கு?

17-2, சனி

பதினான்கு பாரங்களிலும் 4 என்று இருக்கிறது! நான் அச்சடித்ததில் மூன்று எண்கள்தான். கண்ணில் பட்டதை அப்படியே அடித்து ஏற்றியிருக்கிறேன். 4-க்கு நான் பெயர் வைக்கவில்லை. பெயரில்லாதவர்களை ஆர் எந்தக் குழுவிலும் சேர்க்கவில்லை. சின்னம்மாளுக்குப் போன் போட்டேன்.

"புருஷன் உட்டுட்டுப் போனவங்கக்கா. கல்யாணம் ஆச்சான்னா ஆமாங்கறாங்க. வூட்டுக்காரர் எங்கன்னா அழுதுகினு உக்காந்துடறாங்க. அவங்கள எதுல போடறது? நானே நாலுன்னு போட்டேன்."

சொல்லாமல் எப்படிப் போடலாம் என்று கத்திவிட்டேன். பாவம். கோபம் அவள் மேல் இல்லை.

20-2, செவ்வாய்

வேலூர் போய் வழிகாட்டி ரங்கசாமி சாரைப் பார்த்தேன். "பதினாலு பேர்தானேம்மா, மணமானவங்களோட சேர்த்துடு. வெள்ளிக்கிழமை சமர்ப்பிக்கணும்" என்றார். சரி சார் என்று தலையாட்டினேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பேஜார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? என் வரிசையில் 1 போட்டது யார்?

21-2

சேர்க்கவில்லை. நான்காவதாக ஒரு பெயர் வைத்தேன்: கணவர் விட்டுச் சென்றவர். பதினான்கு பேரும் தனியாக வந்து நின்றார்கள். மற்றவர்கள் தறியில் நாளைக்கு எட்டு மணி நேரம், இவர்கள் பதினொன்று. இதையா இன்னொரு குழுவில் கரைத்துவிடுவது? சார் திட்டினால் திட்டட்டும்.

22-2, வியாழன்

கட்டின் அடியிலிருந்து முதல் பாரத்தை எடுத்தேன்.

கல்யாணம் ஆச்சா என்று சின்னம்மாள் கேட்டதும், "ஆச்சு, அவரு பெங்களூர்ல இருக்காரு" என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னதும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. தாளில் அவள் பென்சிலால் எழுதியிருப்பது 4.

ஆறு மாதம் என்னோடு வீடு வீடாக ஏறி இறங்கியவள். உங்க வூட்டுக்காரர் எப்போ வராரு என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. இப்போதுதான் உறைக்கிறது. உட்கார்ந்து அழுதேன்.

23-2, வெள்ளி

187, 17, 21, 15. கூட்டினால் 240. சமர்ப்பித்துவிட்டேன்.

ஆரணி பஸ் ஸ்டாண்டில் பூக்கார அம்மா வழக்கம்போல, "வூட்டுக்காரர் எப்போம்மா வராரு?" என்றார்.

"வரமாட்டாரு."

வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. முள்ளிப்பட்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன். வாசலில் என்னைப் பார்த்த சின்னம்மாள், "கை கழுவிகினு வாங்கக்கா, சாப்டலாம்" என்றாள்.