டர்ஹாம் போகிற வெள்ளிக்கிழமை வண்டி

ஆனி 6, வெள்ளி

காலையிலிருந்து புழுதிக் காற்று. மாடியில் காயப்போட்ட புடவை ஒன்று எதிர்வீட்டு முருங்கை மரத்தில். கோல் வைத்து எடுத்து, மறுபடி அலசல்.

மருமகள் கலாவுக்குக் காலில் மாவுக்கட்டு. நேற்று மோட்டார் போடப் போனவள் பாசியில் சறுக்கி விழுந்தாள். கணுக்கால் விரிசல். ஆறு வாரம் கால் ஊன்றக் கூடாதாம். அதனால் அவளுக்கு இங்கிலாந்துப் பயணம் இல்லை. அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அதனால் மகன் செந்திலுக்கும் இல்லை. மூன்று டிக்கெட்டில் மிச்சம் ஒன்று. என்னுடையது.

அதையும் ரத்து செய்துவிடலாம் என்கிறான் செ.

பேத்தி நிவேதாவுக்கு டாக்டர் பட்டம் கொடுக்கிறார்கள். டர்ஹாம் என்கிற ஊரில், ஆனி 20, வெள்ளி, சாயங்காலம் நாலு மணிக்கு. 3.45க்குக் கதவைச் சாத்திவிடுவார்கள், பிறகு யார் வந்தாலும் திறக்க மாட்டார்களாம். விமானம் இறங்குவது மான்செஸ்டரில், அதே நாள் காலை 8.30. செ.க்கு ஆபீசில் லீவு கிடைத்த கணக்குப்படி போட்ட டிக்கெட். அங்கிருந்து டர்ஹாமுக்கு மூன்று மணி நேரம் ரயில். நடுவில் யார்க் என்ற ஊரில் வண்டி மாற வேண்டும்.

"ஏரோப்ளேன்ல நான் ஏத்தி விட்டுடுவேன்மா, நடுவுல ப்ளேன் மாத்தி விட ஏர்லைன்ஸ்லயே ஆளு இருப்பாங்க. இறங்கினதுக்கு அப்புறம்? அங்க யாரு இருக்கா உனக்கு?"

நிவி இருக்கிறாளே என்றேன். அவள் ஏர்போர்ட்டுக்கு வருகிறேன் என்றுதான் சொன்னாள். நான்தான் கூடாதென்றேன். பட்டம் வாங்குகிற பெண் அன்று காலையில் ஆறு மணி நேரம் ரயிலில் அலைவதா. மதியமே அங்கி வாங்கி வரிசையில் நிற்க வேண்டுமாம்.

கடைசியில் செ. ஒரு நிபந்தனை போட்டான். ரயில் விஷயம் முழுக்க, தாளைப் பார்க்காமல், தப்பில்லாமல் நான் சொல்ல வேண்டும். சொன்னால் டிக்கெட் இருக்கும்.

ராத்திரிக்கு ரவா உப்புமா. கலா சாப்பிடவில்லை, அழுதாள். நான் ஒரு தட்டு சாப்பிட்டேன்.


ஆனி 7, சனி

நிவியோடு வீடியோவில் ஒரு மணி நேரம். ரயில் இரண்டு. ஒன்று 10.50. அடுத்தது 12.50. 10.50 தான் சரி ஆயா, 1.35க்கு வந்துவிடலாம், குளித்துப் புடவை மாற்றக்கூட நேரம் இருக்கும் என்றாள்.

வெள்ளிக்கிழமை பத்தரை பன்னிரண்டு ராகு காலம். 10.50 நட்ட நடுவில். முடியாது என்றேன்.

"ஆயா, 12.50 வண்டி இங்க வர்றது 3.20. கதவு 3.45. ஸ்டேஷன்ல இருந்து மேடு ஏறணும்."

பதினாலு கிலோமீட்டர் கிரிவலம் நடக்கிறவளிடம் மேட்டைப் பற்றிச் சொல்கிறாள். 12.50க்கே போடு என்றேன். போட்டுவிட்டாள். முகம் மட்டும் அவள் தாத்தா போல உம்மென்று.

எதிர்வீட்டு விஜயா கேள்விப்பட்டு வந்தாள். பேத்தி டாக்டராமே, முட்டிவலிக்கு ஒரு மருந்து கேட்டு வாங்கி வா என்றாள். நிவி மண்ணு டாக்டர், நிலத்து உப்பை ஆராய்கிறவள் என்று விளக்கினேன். பரவாயில்லை, எதற்கும் கேட்டுப் பார் என்கிறாள்.


ஆனி 9, திங்கள்

வெயில் ஜாஸ்தி. தண்ணீர் லாரி வரவில்லை.

மாடி அறையில் மார்கரெட் அம்மா இருக்கிறாள். ஆசிரமத்துக்கு வருகிற இங்கிலாந்துக்காரி, வருஷம் நாலு மாதம் நம் வீட்டில்தான். பதினைந்து வருஷமாக வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை விடுகிறேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து நம் வீட்டுக்கு எப்படி வருவது என்று தாளில் படம் போட்டு எத்தனை பேருக்குக் கொடுத்திருப்பேன். இன்று அவள் எனக்குப் படம் போட்டுக் கொடுத்தாள். விமானம், பாஸ்போர்ட் வரிசை, பெட்டி சுற்றும் பெல்ட், நடைபாதை, ரயில். அம்புக்குறி எல்லாம் நான் போடுகிற மாதிரியே.

இங்கிலீஷ் பெரிய எழுத்து தெரியும். DURHAM ஆறு எழுத்து. YORK நாலு. எண் படிப்பேன்.

போர்டைப் பார்த்துப் பழக, சாயங்காலம் இருவரும் ஆட்டோவில் நம்மூர் ரயில்வே ஸ்டேஷன். பிளாட்பாரத்தில் ஒரு வண்டியும் இல்லை. நான் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க, அவள் பின்னாலேயே வந்து, யார்க் வந்துவிட்டது, இறங்கு என்றாள். இறங்கினேன். அடுத்த பிளாட்பாரம் ஒன்பது என்றாள். இங்கே ஒன்பது ஏது. சமோசா விற்கிறவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்கம்மா போகணும்?"

இங்கிலாந்து என்றேன்.

"அதுக்கு இங்க வண்டி கிடையாதும்மா. காட்பாடி போயி மாறணும்."

மார்கரெட் அம்மாவுக்குத் தமிழ் கொஞ்சம் புரியும். சிரித்துச் சிரித்துப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். சமோசா நாலு வாங்கி வந்தோம்.


ஆனி 12, வியாழன்

தூறல். மண் வாசனை மட்டும்.

செ.யிடம் ஒப்பித்தேன். இறங்கியதும் கூட்டத்தோடு நடப்பது. பாஸ்போர்ட். பெட்டி. ரயில் படம் போட்ட போர்டு. 12.50. யார்க்கில் இறங்கி 9ஆம் பிளாட்பாரம், பன்னிரண்டு நிமிஷம் அவகாசம். ஏறும்முன் யாராவது ஒருவரிடம் DURHAM தாளைக் காட்டிக் கேட்பது. தப்பு ஒன்றும் இல்லை. செ. கலாவைப் பார்த்தான். "போகட்டும்ங்க, நம்ம ரெண்டு பேரு கண்ணும் அவங்ககிட்டதான் இருக்கு"னு கலா சொன்னாள்.

அந்த சந்தோஷத்தில் மாடிக்குக் காபி கொண்டுபோனேன். அங்கேதான் தலையில் இடி. மார்கரெட் அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள். இப்போது அவள் ஊரில் விடிவது ஐந்துக்கு முன்னால். இருட்டுவது ராத்திரி பத்துக்கு.

அப்படியென்றால் ராகு காலம்?

நாம் சொல்கிற ஒன்றரை மணி நேரம், பகல் பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்து எட்டாகப் பிரித்தது. அந்த ஊர்ப் பகல் பதினேழு மணி நேரம். அப்போது ஒரு பங்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல். பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தந்த ஊர் உதயத்தை வைத்துத்தான் என்று போட்டிருக்கிறது. எத்தனை வருஷமாகப் புரட்டுகிறேன், அந்த வரியை இன்றுதான் படித்தேன்.

மா. போனில் பார்த்துச் சொன்னாள். உதயம் 4.45. அஸ்தமனம் 9.40. காலண்டர் தாளின் பின்னால் நானே வகுத்தேன். ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் கணக்கில் நான்தான் முதல், டீச்சர் என் பலகையை எல்லோருக்கும் தூக்கிக் காட்டுவார். வெள்ளிக்கிழமைக்கு நாலாவது பங்கு. வந்தது:

ராகு 11.06 முதல் 1.13 வரை.

10.50 வண்டி சுத்தம். நான் அடம் பிடித்து வாங்கிய 12.50 தான் ராகுவின் மடியில்.


ஆனி 13, வெள்ளி

நிவிக்கு போன். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் சிரித்து மூச்சு முட்டுகிறாள். "ஆயா, என் ஆராய்ச்சியில கூட இவ்ளோ கணக்கு இல்ல."

10.50க்கே மாற்றிவிட்டாள். இந்த முறை அன்று முழுக்க எந்த வண்டியிலும் ஏறலாம் என்கிற டிக்கெட். நல்லதுக்குத்தான் என்றேன். செ. தலையில் அடித்துக்கொண்டான்.


ஆனி 17, செவ்வாய்

பெட்டி.
ஆரணிப் பட்டு, அரக்கு. (வண்டியிலேயே கட்டிக்கொண்டு போவதா, போய் மாற்றுவதா? போய் மாற்றுவது.)
ஸ்வெட்டர் 2. மார்கரெட் அம்மாவின் சால்வை, கடன்.
பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, புளிக்காய்ச்சல் மூன்று சுற்று பிளாஸ்டிக்கில்.
முறுக்கு. பாதி உடைந்தது, நானே தின்றேன்.
கோவில் விபூதி, குங்குமம்.
நிவி கேட்டது: தாத்தா போட்டோ, சின்னது.
மாத்திரை, சீட்டோடு.
பூ கொண்டுவரக் கூடாதாம். பட்டம் வாங்குகிற தலையில் ஒரு முழம் மல்லி இல்லாமல். நிவி அங்கே ஏதோ கிடைக்கும் என்கிறாள். என்ன கிடைக்கும்.

இந்தப் பௌர்ணமிக்குக் கிரிவலம் இல்லை. விஜயா எனக்கும் சேர்த்து நடக்கிறாளாம், முட்டிவலியோடு.


ஆனி 19, வியாழன்

வானம் மூட்டம். இன்று புறப்பாடு.

கார் வருவது பகல் 2 மணி. வியாழன் ராகு ஒன்றரை மூன்று. செ. அதற்குமேல் தள்ளினால் சென்னை டிராபிக்கில் விமானம் போய்விடும் என்கிறான். அதனால் பரஸ்தானம். காலை பத்து மணிக்கே பெட்டியை மாடியில் மார்கரெட் அம்மா அறையில் கொண்டுபோய் வைத்தேன். நல்ல நேரத்தில் சாமான் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டால் ஆள் கிளம்பியது மாதிரி. பின்னால் எந்த நேரத்தில் நாம் போனாலும் தோஷமில்லை.

அவளுக்கு இது புதுசு. பெட்டியைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள்.

"அம்மா, பேக் முன்னாடி போகும். நீங்க அப்புறம் போகும். ராகு பேக் மட்டும் பார்க்கும்?"

ஆமாம் என்றேன். அது நல்ல ஏற்பாடு என்று ஒத்துக்கொண்டாள்.

கலா நொண்டிக்கொண்டே வாசல் வரை. என் கையில் ஒரு தங்கக் காசு, நிவிக்கு. "அத்த, அவ பேரு கூப்பிடறப்ப நீங்க நல்லா கை தட்டுங்க. எனக்கும் சேத்து."

கார் ஹாரன். மலை உச்சி மேகத்துக்குள்.


ஆனி 20, வெள்ளி. மான்செஸ்டர் ஏர்போர்ட், உள்ளே

இங்கத்து மணி 11.10. பாஸ்போர்ட் வரிசையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். விமானம் நடுவில் மாறிய ஊரில் மழை, புழுதி, ஏதோ. எட்டரைக்கு இறங்க வேண்டியது பத்தே காலுக்கு. 10.50 போய்விட்டது. எனக்கு முன்னால் இன்னும் நாற்பது பேர்.

அடுத்தது 12.50. ராகு. அதற்கும் அடுத்தது 1.20. ராகு இல்லை, சுத்தமான வண்டி. ஆனால் போய்ச் சேர்வது நாலுக்கு மேல். கதவு சாத்தியிருக்கும்.

பிறந்ததிலிருந்து ராகு காலத்தில் நல்ல காரியத்துக்குப் படி இறங்கியதில்லை. கலாவுக்கும் சேர்த்துக் கை தட்ட வேண்டும்.

வரிசை நகர்கிறது.


அதே நாள். ரயில் நிலையம், 12.35

பாஸ்போர்ட் பார்த்த பையன் எதற்கு வந்தாய் என்று கேட்டான். கிராண்ட் டாட்டர், டாக்டர், டுடே என்றேன். சீல் குத்திவிட்டு கங்க்ராட்ஸ் என்றான்.

பெட்டி சுற்றும் இடத்துக்கு வந்தபோது 12 மணி. நம் விமானத்துக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் போய்விட்டார்கள். பெல்ட்டில் என் பெட்டி மட்டும், மஞ்சள் ரிப்பன் கட்டி, மெதுவாகச் சுற்றி வருகிறது. பிரதட்சணம் மாதிரி. பக்கத்தில் நின்ற நம்மூர்ப் பெண் ஒருத்தி, இந்த ஊர் பாஸ்போர்ட் என்பதால் வரிசையில் நிற்காமல் முன்னாலேயே வந்தவள், "இது பத்தே முக்கால்ல இருந்தே சுத்திட்டு இருக்குங்க, யாருதுன்னு பார்த்துட்டே இருந்தேன்"னு சொன்னாள்.

பத்தே முக்கால்.

திரும்பக் கேட்டேன். பத்தே முக்கால்தானா என்று. ஆமாங்க, என் பெட்டிதான் வரவில்லை, போர்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்றாள்.

அப்படியானால் பெட்டி 11.06க்கு முன்னாலேயே என்னை விட்டுக் கிளம்பி வெளியே வந்துவிட்டது. நான் பின்னால் வந்து சேர்ந்தேன், அவ்வளவுதான். பரஸ்தானம், தானாகவே. அந்தப் பெண்ணுக்கு ஒரு முறுக்குப் பொட்டலம் கொடுத்தேன்.

12.50 பிளாட்பாரம் 3. தாளைக் காட்டி இரண்டு பேரிடம் கேட்டாயிற்று. வண்டி வருகிறது.


ரயிலில்

யார்க் ஆயிற்று. 9ஆம் பிளாட்பாரம், மா. சொன்னதேதான். சமோசா மட்டும் இல்லை.

வெளியே எல்லாம் பச்சை, ஆடு, மறுபடி பச்சை. பக்கத்தில் ஒரு தாத்தா. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் அறை வாடகை இங்கிலீஷ். ஹாட் வாட்டர், கீ, ஷூஸ் அவுட்சைட். இருந்தும் நிவி விஷயம் முழுவதும் சொல்லிவிட்டேன். அவர் பெட்டியை இறக்கித் தருகிறேன் என்கிறார், கையால் காட்டி.

கழிவறையில் போய்ப் பட்டு கட்டி வந்தேன். வண்டி ஆட்டத்தில் கொசுவம் நாலு தடவை. இனி மாற்ற நேரமில்லை, நேரே கதவுதான்.

நிவி போன். "ஆயா, எங்க இருக்க?"

ராகு காலத்தில் ஏறினேன், ஆனால் பெட்டி முன்னாலேயே வந்துவிட்டது என்றேன். சரி ஆயா, சரி ஆயா என்றாள், அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. வரிசையில் நிற்க வேண்டியவள் ஸ்டேஷனில் நிற்கிறாளாம். வாத்தியாரிடம் பத்து நிமிஷம் கேட்டுக்கொண்டு ஓடி வந்தாளாம். திட்டினேன்.

3.17. வண்டி மெதுவாகிறது. உயரமான பாலம். கீழே ஆறு, எதிரே மேட்டின் மேல் கோபுரம் மாதிரி பெரிய சர்ச். தாத்தா பெட்டியை இறக்கிவிட்டார்.

பிளாட்பாரத்தில் சிவப்பு அங்கி பறக்க, வண்டியோடு சேர்ந்து ஒருத்தி ஓடி வருகிறாள். கையில் ஒரு முழம் ஏதோ வெள்ளைப் பூ. பேனா மூடி எங்கே